வளையம் வைத்த துப்பாக்கி

"அப்பாவோட பலகையும் அந்தச் சுவர்ல ஏறணும், மாமா."

ரோவீனா இதைச் சொன்னபோது ஹார்லன் கிரம் சோளரொட்டியை அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். ரொட்டி குழம்பிலேயே ஊறிக் கரைந்தது. பக்கத்து மேசையில் கோழிக் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே பிடித்தபடி நின்றார்கள். சங்கக் கூடத்தின் மூலையில் விறகடுப்பு மட்டும் தன்பாட்டுக்குப் படபடத்தது.

கல்லறையிலிருந்து வரும் வழியில் காரில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "சாப்பாடு போடுவாங்க, சாப்பிடு. வந்தவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசு. பலகையைப் பத்தி மட்டும் வாயத் திறக்காத. உங்கப்பா சாகிற வரைக்கும் கேக்கல. நீ போய்க் கேட்டு அவரைச் சின்னவராக்கிடாத."

ரோவீனா தலையாட்டியிருந்தாள். ஆனால் உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மேற்குச் சுவர் முழுக்கப் பலகைகள். பக் ரன் பள்ளத்தாக்கின் மருந்துத் துப்பாக்கிச் சங்கத்தில் ஓர் உறுப்பினர் செத்தால், அடக்கம் முடிந்து சாப்பாடும் முடிந்த பிறகு, அவருடைய சொந்தத் துப்பாக்கியை மகனோ தம்பியோ எடுத்துப் போய், வாய்வழியே கருமருந்து கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் இடித்து இறக்கி, துப்பாக்கியின் சுத்தியல் அடித்ததும் பொறி தரும் செப்புக் கேப்பைச் செருகி, புதிதாக அறுத்த பலகையில் ஒரே ஒரு முறை சுடுவார். ஓட்டை எங்கே விழுந்தாலும் சரி. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பெயரை எழுதிச் சுவரில் அறைந்துவிடுவார்கள். குடிகாரன் என்று ஊரே காறித் துப்பிய ஆளின் பலகைகூட அங்கே இருந்தது. பக்கத்து வீட்டு நாயைச் சுட்டவனுடையதும் இருந்தது. அவளுடைய அப்பா எல்வுட் டேக்கெட்டுக்கு மட்டும் இடம் கிடையாது.

ஹார்லன் வாயைத் துடைத்துக்கொண்டார். சங்கத் தலைவர் மட்டுமல்ல, ரோவீனாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவர் மருமகளிடம் பேசவில்லை, தங்கையிடம் பேசினார்.

"நெட்டி, உன் பொண்ணு என்ன கேக்குறான்னு காதுல விழுந்துச்சா?"

நெட்டி வாழைப்பழப் புட்டிங்கைக் கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அம்மாவை ஏன் கேக்குறீங்க? கேட்டது நான்," என்றாள் ரோவீனா.

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தந்தாங்களா? சாவுச் சாப்பாட்டுல சண்டை பிடிக்கிறது எப்படின்னு?"

"இல்ல மாமா. அது உங்க பக்கத்து ரத்தம்."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

எல்வுட் மாவட்டப் பள்ளியின் மஞ்சள் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். சங்கத்தில் அவரைவிட நன்றாகச் சுட ஒரு காலத்தில் ஆளில்லை. பிறகு கண் போயிற்று. குருடாகவில்லை, வயசுக் கண். தூரத்தில் குறிவைத்துச் சுடும் தாள் தெரிந்தது, குழாய் முனையில் இருக்கும் முன்குறியும் ஒருவாறு தெரிந்தது. முகத்துக்கு அருகே இருக்கும் பின்குறியின் பள்ளம்தான் கம்பளிப்பூச்சி மாதிரி மங்கிப் போனது. கண்ணாடியை மாற்றினால் பள்ளம் தெளிந்தது, தாள் தொலைந்தது. இதை எல்லாக் கிழவர்களும் அனுபவித்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குண்டு தவறினால் மருந்து ஈரம் என்றார்கள், காற்று என்றார்கள், துணி கனம் என்றார்கள்.

எல்வுட் மட்டும் பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியல," என்று எல்லோர் முன்னும் சொன்னார். வீட்டுக்குப் போனார். கழித்துப் போட்ட பேருந்துக் கதவிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை அறுத்து, ஒரு காசளவு வட்டமாக ராவி, நடுவில் துளையிட்டு, குழாயின் பின்னால் கட்டையோடு சேரும் வால்பகுதியில் ஒரு சின்னத் தண்டு நட்டுப் பொருத்தினார். வளையம். அதைப் பார்க்கக் கூடாது, அதன் வழியாகப் பார்க்கணும். பார்த்தால் கண் தானே வெளிச்சத்தின் நடுவுக்குப் போய்விடும், பள்ளமே தேவையில்லை.

அந்த இலையுதிர்காலப் போட்டியில் அவர் சுட்ட குண்டுகள் எல்லாம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரே கிழிசலாக விழுந்தன. ஹார்லன் தாளைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்த்தார். பள்ளம் வைத்த திறந்த குறி மட்டும்தான் என்பது அவருடைய தாத்தா போட்ட விதி.

"அந்தக் காலத்து ஆளுங்க சாவித் துவாரத்துல எட்டிப் பாத்தா சுட்டாங்க?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்து ஆளுங்க நாப்பதுலயே செத்தாங்க ஹார்லன். அதான் தேவைப்படல," என்றார் எல்வுட்.

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் ஹார்லனால் மன்னிக்க முடியவில்லை என்று ரோவீனா நினைத்தாள். அன்றைக்கே சங்கப் பட்டியலிலிருந்து எல்வுட் பெயரை அடித்தார்கள். வளையத்தைக் கழற்றிவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எல்வுட் கழற்றவில்லை, கெஞ்சவில்லை, மச்சானைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு பெஞ்சு அடித்துக்கொண்டு தனியாகச் சுட்டார்.

அதன் பிறகு சங்கத்துக் கிழவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பகலிலேயேதான் வந்தார்கள், ஆனால் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு. எல்வுட் ஆளை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்வார். கண்ணை மூடச் சொல்வார். மூடினபடியே துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைச் சாய்க்கச் சொல்வார். "இப்ப திற." கண் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே வளையம் வரவேண்டும். கழுத்து எலும்பு தேய்ந்தவனுக்குத் தண்டை உயரமாக்குவார். "துப்பாக்கி வளையட்டும். நீ வளைஞ்சது போதும்," என்பார். விடியற்காலைக் காட்டுக்குப் போகிறவனுக்குப் பெரிய துளை. வெயிலில் தாளைச் சுடுகிறவனுக்குச் சின்னது. கைவசம் ஒரு மாத்திரைப் புட்டி நிறையத் துளைத் தகடுகள் வைத்திருப்பார், ஒவ்வொன்றாய் மாற்றி மாற்றித் திருகுவார், எதிராளி "ஆ" என்று மூச்சு விடும் வரைக்கும்.

சங்கத்துக் கிழவர் வெர்ஜில் அப்படி மூச்சுவிட்ட நாளில் ரோவீனா விடுமுறைக்கு வந்திருந்தாள். "எல்வுட், இத்தனை வருஷமா மான்னு நெனச்சு நான் புதரைச் சுட்டிருக்கேன்," என்றார் கிழவர். "இனிமே புதருங்க நிம்மதியா இருக்கும்." அப்பா சிரித்த சிரிப்பு அவளுக்கு இப்போதும் காதில் இருந்தது. அந்த வெர்ஜில் இதோ, இரண்டாவது மேசையில், கோழிக் காலோடு உட்கார்ந்திருந்தார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்ல," என்றார் ஹார்லன். குரலைத் தணித்திருந்தார். "அவனும் நானும் ஒண்ணா மீன் பிடிச்சு வளந்தோம். என் தங்கச்சியை அவனுக்கு நான்தான் பேசி முடிச்சேன். பலகை மாட்டலாம். இன்னைக்கே மாட்டலாம். வளையத்தைக் கழட்டிட்டு, ஓட்டையில திருகாணி போட்டு அடைச்சிட்டு, டார்ரெல் சுடட்டும். இன்னைக்கு வளையத்த விட்டா நாளைக்கு ஒருத்தன் தொலைநோக்கி மாட்டிட்டு வருவான். அப்புறம் இந்த இடம் எதுக்கு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் ரோவீனாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவளுடைய அண்ணன் டார்ரெல் அதற்குள் எழுந்துவிட்டான். சங்கத்தில் அவன் இப்போதும் உறுப்பினன். "நியாயமாத்தான் இருக்கு மாமா. துப்பாக்கி என் வண்டியிலதான் இருக்கு."

"அண்ணா."

"என்னடி? கேட்ட, தர்றாங்க. ஒரு திருகாணி. அதுக்கா மூஞ்சியத் தூக்குற?"

அவன் வெளியே போனான். திறந்த கதவு வழியே வரிசையாக நின்ற வண்டிகள் தெரிந்தன. பின்கண்ணாடிகளுக்குள் துப்பாக்கிகள் மாட்டியிருந்தன. யாரும் இன்று உள்ளே எடுத்து வரவில்லை. ஏன் என்று ரோவீனாவுக்குத் தெரியும். அவற்றில் பாதிக்குமேல் அவளுடைய அப்பா தொட்டவை.

டார்ரெல் துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி வந்து ஹார்லன் முன்னால் நீட்டினான். ஹார்லன் வாங்கினார். சுருள் ரேகை ஓடிய மேப்பிள் கட்டை, கை பட்டுப் பட்டுத் தேன் நிறமாகியிருந்தது. குழாயின் பின்னால் அந்தப் பித்தளை வட்டம். அவர் அதைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, ஆளில்லாத மேற்குச் சுவர்ப் பக்கம் திரும்பி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைச் சாய்த்தார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

குழாய் முனை மெல்ல நகர்ந்தது, ஒரு பலகையிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து மேல் வரிசைக்கு. அங்கேதான் அவருடைய அப்பாவின் பலகை இருந்தது. அவர் உதடுகள் லேசாக அசைந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி. வெர்ஜில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

ஹார்லன் துப்பாக்கியை இறக்கினார். கண் ஓரத்தைப் புறங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

"கழட்டு," என்றார்.

டார்ரெல் மேசையைத் துடைத்து, துப்பாக்கியைக் கிடத்தி, சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். வளையத்தின் அடித்திருகில் வைத்தான்.

"முதல்ல கோலைப் போட்டுப் பாருங்கடா," என்றார் வெர்ஜில். வாயில் கோழி இருந்தது. "துப்பாக்கி மேல திருப்புளி வைக்கிறதுக்கு முந்தி கோலப் போடணும். யாரு வீட்டுப் பழக்கம் இது?"

"கேப்பே இல்ல தாத்தா, காலி," என்றான் டார்ரெல். "அப்பா துப்பாக்கி. அவர் என்னைக்கு மருந்தோட வச்சிருக்கார்?"

அது உண்மை. எல்வுட் ஒரு ராத்திரிகூட மருந்தைக் குழாயில் தங்கவிட்டதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் எல்வுட்டின் துப்பாக்கியைச் சந்தேகப்பட்டதில்லை.

ரோவீனாதான் குனிந்து, குழாய்க்கு அடியிலிருந்து மரக்கோலை உருவினாள். சும்மா, கையை எதிலாவது வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, கோலைக் குழாயின் வாய்க்குள் விட்டாள். காலிக் குழாய் என்றால் கோல் அடிவரை போய் இரும்பில் 'டிங்' என்று அடிக்கும். கோலில் அப்பா கத்தியால் கீறிய கோடு குழாய் வாயோடு சரியாக நிற்கும்.

டிங் என்று வரவில்லை. 'தொப்' என்றது. கோடு குழாய்க்கு வெளியே இரண்டு விரல் மேலே நின்றது.

மருந்து இருந்தது. குண்டும் இருந்தது.

பக்கத்தில் நின்ற பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். டார்ரெலின் கையிலிருந்து திருப்புளி விழுந்தது. ஹார்லனின் முகம் சாம்பலாகப் போயிற்று. ஒரு பையன் காலித் துப்பாக்கியின் வாயைக் கூரைக்குத் திருப்பாமல் நடந்தால்கூடக் காதைத் திருகி வெளியே தள்ளும் ஹார்லன் கிரம், நிரப்பிய துப்பாக்கியைக் கூடத்துக்குள் தோளில் ஏற்றிக் குறிபார்த்திருந்தார். கோல் போடாமல்.

ரோவீனாவுக்கு அதுவெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது வேறு.

அப்பா போன அன்று, அம்மா காப்பி எடுத்துக்கொண்டு சரிவில் ஏறிப் போனபோது அப்பா பெஞ்சில் கன்னம் வைத்துக் கிடந்தார். துப்பாக்கி மணல்மூட்டை மேல் இருந்தது. எதிரே தாள், ஓட்டை இல்லாமல். கேப் டப்பா சட்டைப் பையில், மூடியபடி. இதயம் என்றார் டாக்டர். சுடத் தொடங்கும் முன்பே போய்விட்டார், பாவம், என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லை. அவர் தொடங்கியிருந்தார். மருந்தை அளந்து கொட்டியிருந்தார். துணியை எச்சிலால் நனைத்திருந்தார். குண்டை இடித்து இறக்கி, கோலைத் திருப்பிச் செருகி, வளையத்தின் வழியே தாளைப் பார்த்திருந்தார். தெளிவாகத் தெரிந்திருக்கும். கேப்புக்குக் கை பைக்குப் போயிருக்கும்.

"நான் பெஞ்சிலருந்து எடுத்து அப்படியே வண்டியில வச்சேன்," என்று டார்ரெல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "அப்படியே வச்சேன்."

முதலில் பேசியவர் ஹார்லன். "குண்டைப் புடுங்கணும். திருகு முனை போட்ட கோலை எடுத்துட்டு வாங்க. ஈயத்துல திருகி இழுத்தா வந்துரும்."

"தொடாதீங்க," என்றாள் ரோவீனா.

"பொண்ணே, அதை வச்சுக்கிட்டு..."

"அது அவர் போட்டது. திருகிப் புடுங்கிக் குப்பையில போட விடமாட்டேன்."

ஹார்லன் அவளைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். அவளருகே வந்து, தோளைத் தொட்டு, மெதுவாகச் சொன்னார். ஆனால் அந்தக் கூடத்தில் மெதுவாக என்று ஒன்று கிடையாது, எல்லோருக்கும் கேட்டது.

"சரி. வளையத்தோடயே சுடட்டும். உள்ள இருக்கிற மருந்துலயே சுடட்டும். பலகை இன்னைக்கு ஏறும், எங்கப்பா பலகைக்குப் பக்கத்துல. நானே அறையுறேன். இப்ப நடந்தது மட்டும்... நான் தூக்கிப் பாத்தது... அது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். என்ன?"

இதுதான் அவள் கேட்டது. கேட்டதைவிட அதிகம்.

டார்ரெலின் முகம் மலர்ந்துவிட்டது. "ரோ, பாத்தியா? எடு பலகையை. நல்ல பாப்லர் பலகை ஒண்ணு பின்னால இருக்கு."

ரோவீனா சுவரைப் பார்த்தாள். மேல் வரிசையில் ஒரு பலகை அளவுக்கு இடம் இருந்தது. அப்பாவின் பெயர் அங்கே நன்றாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் கேட்பார்கள், இது எப்படி ஏறியது என்று. யாராவது கண்ணடித்துக் கதை சொல்வார்கள். ஹார்லன் கோல் போட மறந்த கதை. அதற்குக் கூலியாக ஏறிய பலகை.

அப்பா ஒரு தரமாவது பொய் சொல்லியிருந்தால், காற்று என்றோ மருந்து ஈரம் என்றோ மற்றவர்களைப் போல முனகியிருந்தால், இந்தச் சுவர் எப்போதோ அவருடையது.

"வேண்டாம் மாமா," என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"பலகை."

"இப்பதானடி கேட்ட!" டார்ரெல் கத்தினான். "உனக்கு என்னதான் வேணும்?"

"அப்பா இதை எந்தத் தாளுக்குப் போட்டாரோ அந்தத் தாள் இன்னும் சரிவுலதான் தொங்குது. அதுக்கே போகட்டும். நீ வா அண்ணா. மகன் நீதான், நீயே சுடு. நான் தூக்கிட்டு வர்றேன்."

டார்ரெல் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். டார்ரெல் குனிந்து திருப்புளியைத் தேடத் தொடங்கினான், அது அவன் காலருகிலேயே கிடந்தது.

ரோவீனா காத்திருக்கவில்லை. துப்பாக்கியை எடுத்து, வாயை மேலே பார்க்க வைத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நடந்தாள். வெர்ஜில் தாத்தா நாற்காலியைத் தள்ளி வழிவிட்டார். வழிவிட்டபடியே அவள் கையைப் பிடித்து எதையோ உள்ளங்கையில் அழுத்தினார். செப்புக் கேப்புகள், மூன்றோ நான்கோ. அவர் விரல் நுனி கோழிக் கொழுப்பில் வழுக்கியது.

"என் துப்பாக்கியிலயும் அவன் வளையம்தான் இருக்கு ஹார்லன்," என்றார் சத்தமாக. "அடுத்த போட்டிக்கு அதைத்தான் கொண்டாருவேன். என் பேரையும் அடி. எழுத்து தெரியலன்னா அந்த வளையத்து வழியா பாத்து அடி."

யாரும் சிரிக்கவில்லை. ஹார்லன் இன்னும் மேல் வரிசையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை இடுக்கிக்கொண்டு.

கதவருகே அம்மா நின்றாள். எப்போது எழுந்து வந்தாள் என்று ரோவீனா கவனிக்கவில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். திட்டினால் திருப்பிப் பேச வார்த்தையும் தயாராக இருந்தது.

நெட்டி தன் கழுத்திலிருந்த கறுப்புத் துண்டை அவிழ்த்தாள். தேவாலயத்துக்கு மட்டும் கட்டுவது. அதை இரண்டாக மடித்து, துப்பாக்கியின் சுத்தியலையும் அதன் அடியையும் சேர்த்து, சுற்றிச் சுற்றி, குழந்தைக்குக் காது மறைக்கிற மாதிரி இறுக்கிக் கட்டினாள்.

"தூறுது," என்றாள். "மருந்து நனையக் கூடாது."

"நீயும் வாம்மா."

"நான் ஜனங்களுக்குப் பரிமாறணும்." முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். "நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? கேக்காதன்னு."

"கேட்டுட்டேன்."

"தெரியும்," என்றாள் நெட்டி. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வெளியே தூறல் இருப்பதே தெரியாத அளவுக்குத் தூறிக்கொண்டிருந்தது. நிரப்பிய துப்பாக்கியை வண்டியில் ஏற்றக் கூடாது. அப்பா ஏற்ற மாட்டார். ரோவீனா வண்டிகளைத் தாண்டி, கூடத்துக்குப் பின்னால் மலைமுகட்டுக்கு ஏறும் மாட்டுப் பாதையில் நடந்தாள். முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் பெஞ்சு இருந்த சரிவு. சாவுக்குப் போட்ட செருப்பு சேற்றில் புதைந்தது. அதைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மேய்ச்சல் நிலத்தின் வேலிக் கதவில் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. ஒரு கையால் துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் திறந்து உள்ளே போனாள். தூரத்தில் பசுக்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன. அவள் திரும்பி நின்று, கொக்கி விழும் வரை கதவை முழங்காலால் தள்ளித் தள்ளி, மாடு வெளியே போகாதபடி மூடினாள்.

பிறகு மேலே நடந்தாள்.